மெஸ் எண்ணெயில் பயோடீசல்: நீலகிரிக் குளிரைத் தாங்குமா?

#1 குன்னூர்_மெஸ்

வணக்கம். குன்னூரில் சிறிய மெஸ் நடத்துகிறேன். சீசன் வந்தால் பூரி, பஜ்ஜி, சிக்கன் என்று அடுப்பில் எண்ணெய்ச் சட்டி இறங்குவதே இல்லை. பெரும்பாலும் பாமாயில், காலைப் பலகாரத்துக்கு மட்டும் சூரியகாந்தி. பொரித்து மிஞ்சிய எண்ணெய் கடைக்குப் பின்னால் டின் டின்னாகச் சேர்ந்து கிடக்கிறது. சாக்கடையில் ஊற்ற மனம் வரவில்லை. ஒருவர் அவ்வப்போது வந்து கேட்கிறார், விலையும் தருகிறார். எங்கே கொண்டுபோகிறீர்கள் என்று கேட்டால் சிரிக்கிறார். அது சாலையோரக் கடைச் சட்டிக்கே திரும்பிப் போகிறதோ என்ற சந்தேகத்தில் அவருக்குக் கொடுப்பதை நிறுத்திவிட்டேன்.

என்னிடம் ஒரு டீசல் ஜெனரேட்டர், ஒரு பழைய பிக்கப். மச்சான் கேத்தி பாலாடாவில் கேரட் போடுகிறார். தண்ணீர் ஏற்ற அவரிடம் லிஸ்டர் வகை டீசல் இன்ஜின் இருக்கிறது. டீசலோ லிட்டர் 90 ரூபாயைத் தாண்டிவிட்டது. மெத்தனாலும் காஸ்டிக் சோடாவும் சேர்த்தால் இதே எண்ணெயை டீசலாக ஓட்டலாம் என்கிறார்கள். மலையில் யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா? கோயம்புத்தூர்க்காரர்கள் சொல்வது எல்லாம் சமவெளிக் கணக்காகவே இருக்கிறது.

#2 ஆய்வக_அக்கா

தம்பி, கொள்கை எளிது. சமையல் எண்ணெயின் ஒவ்வொரு மூலக்கூறிலும் ஒரு கிளிசரின் முதுகெலும்பில் மூன்று கொழுப்பு அமிலச் சங்கிலிகள் தொங்குகின்றன. அதனால்தான் எண்ணெய் அத்தனை கெட்டி. மெத்தனால் அந்தச் சங்கிலிகளைக் கழற்றித் தன்னோடு சேர்த்துக்கொள்கிறது. காஸ்டிக் அதற்கு வினையூக்கி. மெல்லிய மெத்தில் எஸ்டர் மேலே மிதக்கும், அதுதான் பயோடீசல். கனமான கிளிசரின் அடியில் தங்கும். 100 லிட்டர் எண்ணெய்க்கு ஏறக்குறைய 20 லிட்டர் மெத்தனால் பிடிக்கும். ஒழுங்காகச் செய்தால் போட்ட எண்ணெயின் அளவுக்குக் கொஞ்சம் குறைவாகப் பயோடீசல் கிடைக்கும்.

சிக்கல் பழைய எண்ணெயில்தான். திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெயில் சங்கிலிகள் ஏற்கெனவே கழன்று தனி அமிலமாகத் திரிகின்றன. நீங்கள் போடும் காஸ்டிக்கை முதலில் அவைதான் தின்னும், தின்று சோப்பாகும். ஆகவே ஒவ்வொரு டின்னையும் சோதித்த பிறகே அளவு போட வேண்டும்.

சோதிக்கும் விதம்: ஒரு லிட்டர் வாலைவடி நீரில் ஒரு கிராம் காஸ்டிக் சோடாவைக் கரைத்து வைத்துக்கொள்ளுங்கள். வேறொரு குடுவையில் 10 மி.லி. ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் 1 மி.லி. எண்ணெயைக் கலக்கி, அதில் நிறம் மாறிக் காட்டும் பினாப்தலீன் இரண்டு துளி. பினாப்தலீன் கிடைக்காவிட்டால் ஆல்கஹாலில் ஊறவைத்த மஞ்சள் தூளின் தெளிவே போதும். ஊசிக்குழலால் காஸ்டிக் நீரைக் கால் மில்லி, கால் மில்லியாக விட்டு ஆட்டிக்கொண்டே இருங்கள். மஞ்சள் நிறம் சட்டென்று செங்காவியாகும், ஆட்டியதும் மறைந்து மஞ்சளுக்குத் திரும்பும். அதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். அரை நிமிடம் ஆட்டியும் சிவப்பு நின்றால்தான் முடிவு. எத்தனை மில்லி செலவானதோ, லிட்டருக்கு அத்தனை கிராம் காஸ்டிக் கூடுதல். புது எண்ணெய்க்கே 3.5 கிராம் வேண்டும். 2 மில்லி செலவானால் 5.5 கிராம். செலவு 5, 6 மில்லியைத் தாண்டுகிற எண்ணெயை இந்த வேலைக்கு எடுக்காதீர்கள். அதற்குக் கந்தக அமிலம் போட்டு முன்வினை நடத்த வேண்டும். மெஸ் பின்கட்டில் செய்கிற காரியமில்லை அது.

#3 சந்தேகப்பேர்வழி

இத்தனை சர்க்கஸ் எதற்கு? 1900இல் பாரிஸ் கண்காட்சியில் ஒரு டீசல் இன்ஜின் கடலை எண்ணெயிலேயே ஓடியது. ருடால்ப் டீசலே அதைப் பற்றி எழுதியிருக்கிறார். வடிகட்டி அப்படியே டேங்கில் ஊற்றிவிட்டுப் போக வேண்டியதுதானே.

#4 பம்ப்_பட்டறை

ஊற்றலாம். ஊற்றியவர்களின் இன்ஜெக்டர்கள் என் மேஜைக்குத்தான் வருகின்றன. மேட்டுப்பாளையத்தில் டீசல் பம்ப் வேலை பார்க்கிறேன். சமையல் எண்ணெய் டீசலைவிட ஏறக்குறைய பத்து மடங்கு கெட்டி. இன்ஜெக்டர் அதைப் புகையாகத் தூவாது, துளியாகத் துப்பும். துளி எரிந்து முடிவதில்லை. முனையில் கரி கட்டுகிறது, பிஸ்டன் மோதிரங்கள் ஒட்டிக்கொள்கின்றன, எரியாத எண்ணெய் கீழே இறங்கி இன்ஜின் ஆயிலோடு கலந்து அதைக் கூழாக்குகிறது. எண்ணெயை 70, 80 டிகிரிக்குச் சூடேற்றி உள்ளே விட்டால் ஓடும். அதற்குத் தனி டேங்க், தனிக் குழாய், நிறுத்துவதற்கு முன் டீசலுக்கு மாற்றும் வால்வு எல்லாம் வேண்டும். கண்காட்சியில் ஒரு நாள் ஓடியதும், பர்லியார் ஏற்றத்தில் லோடோடு தினமும் ஏறுவதும் ஒன்றா?

மெஸ்காரருக்கு: பிக்கப் எந்த வருட மாடல்? அதைச் சொல்லாமல் வேறு எதையும் பேசிப் பயனில்லை.

#5 குன்னூர்_மெஸ்

நன்றி அக்கா, மஞ்சள் விஷயம் அருமை. பட்டறை அண்ணா, பிக்கப் பழைய பிஎஸ்-3 புகைக் கட்டுப்பாட்டு விதி காலத்து வண்டி.

#6 பம்ப்_பட்டறை

அப்படியானால் பேசலாம். பிஎஸ்-6 வண்டியாக இருந்தால் இங்கேயே முடித்திருப்பேன். அவற்றில் புகைக்கரி வடிகட்டியைச் சுத்தம் செய்ய, எரிந்து முடிந்த சிலிண்டருக்குள் இன்னொரு முறை எரிபொருளைத் தூவுவார்கள். டீசல் ஆவியாகிப் போய்விடும். பயோடீசலின் கொதிநிலை அதிகம். ஒரு பகுதி ஆவியாகாமல் சுவர் வழியாக ஆயிலுக்குள் இறங்கும். இந்தியத் தர அளவுப்படி பெட்ரோல் பங்கில் விற்கும் டீசலிலேயே 7 சதவீதம் வரை பயோடீசல் இருக்க அனுமதி உண்டு. அதற்கு மேல் போனால் வாரண்டியை மறந்துவிட வேண்டியதுதான்.

பழைய வண்டியில் கவனிக்க வேண்டியவை இரண்டு. இயற்கை ரப்பர் குழாய் இருந்தால் பயோடீசல் அதை ஊதவைத்துப் பிசினாக்கும், மாற்றிவிடுங்கள். அடுத்தது, வருடக்கணக்கில் டேங்க் அடியில் படிந்த அழுக்கையெல்லாம் பயோடீசல் கரைத்து எடுத்துக்கொண்டு வரும். முதல் சில நாட்கள் பில்டர் அடைத்துக்கொண்டே இருக்கும். "பயோடீசல் போட்டேன், வண்டி நின்றுவிட்டது" என்று வருகிறவர்களில் பாதிப் பேருக்குக் கோளாறு எரிபொருளில் இல்லை, டேங்கில்.

#7 வில்பட்டி_பூண்டு

எல்லோரும் இன்ஜினைப் பற்றியே பேசுகிறீர்கள். கேள்வி குளிரைப் பற்றி அல்லவா?

நாங்கள் கொடைக்கானல் பக்கம். மாமாவின் காட்டேஜில் பாமாயில் பயோடீசல் போட்டு ஜெனரேட்டர் ஓட்டினோம். வெயில் காலத்தில் ஒரு குறையும் இல்லை. புகையும் குறைவு, பொரித்த அப்பள வாசனை வேறு. மார்கழியில் ஒருநாள் இரவு கரண்ட் போனது, ஜெனரேட்டர் எழவே இல்லை. விடிந்ததும் கேனைப் பார்த்தால் அடியில் பாதி, நெய் உறைந்ததுபோல வெள்ளையாகத் திரண்டு நின்றது. மேலே இருந்த பாதி மட்டும் தெளிவு. பில்டரைக் கழற்றினோம், உள்ளே ஒரே மெழுகு. வெந்நீரில் கேனை நிறுத்தியதும் எல்லாம் கரைந்து பழையபடி ஆகிவிட்டது. கெட்டுப்போகவில்லை, உறைந்துதான் போயிருந்தது.

காரணம் எண்ணெயில்தான் இருக்கிறது. பாமாயிலில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக நிறைவுற்ற கொழுப்பு. பயோடீசலாக்கினாலும் அந்தக் குணம் போகாது. 10 டிகிரிக்கு மேலேயே மங்கத் தொடங்கும், சில நேரம் 15ஐ ஒட்டிக்கூட. சூரியகாந்தியில் செய்தது சுழிய டிகிரிப் பக்கம் வரை தாங்கும். அதிலேயே சிக்கன் பொரித்திருந்தால் கோழிக் கொழுப்பும் சேர்ந்து அவ்வளவு தாங்காது. டிசம்பர், ஜனவரியில் தலைக்குந்தாவில் புல் மேல் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும். அந்தக் காலையில் 100 சதவீதப் பாமாயில் பயோடீசலை எந்த இன்ஜினிலும் ஊற்றிப் பார்க்க வேண்டாம். குன்னூர் அவ்வளவு குளிராது, ஆனாலும் 10 டிகிரிக்குக் கீழே இறங்காதா என்ன?

#8 சந்தேகப்பேர்வழி

பாமாயிலைப் பற்றி இவர் சொல்வது சரிதான். ரேஷன் பாமாயில் பாக்கெட்டே எங்கள் வீட்டில் தை மாதம் கல்லாகக் கிடக்கிறது.

#9 ஆய்வக_அக்கா

இங்கே ஊட்டியில் இருந்துகொண்டு நான் சொல்ல வேண்டிய இன்னொன்று இருக்கிறது. சமவெளிக் குறிப்புகளை அப்படியே பின்பற்றினால் ஆபத்து வருவது இந்த இடத்தில்தான்.

எல்லாக் குறிப்பிலும் "55 முதல் 60 டிகிரியில் கலக்கு" என்று இருக்கும். கடல் மட்டத்தில் மெத்தனால் 64.7 டிகிரியில் கொதிக்கிறது; 60 என்றால் நாலைந்து டிகிரி இடைவெளி இருக்கிறது. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். இங்கே காற்றழுத்தம் குறைவு, மெத்தனால் 58 டிகிரியிலேயே கொதித்துவிடும். குன்னூரில் ஏறக்குறைய 59. ஆக, சமவெளிக்காரர் "பாதுகாப்பான 60" என்று எழுதியது நமக்குக் கொதிநிலைக்கு மேலே. மூடிய டிரம்மாக இருந்தால் அழுத்தம் ஏறும், திறந்த டிரம்மாக இருந்தால் மெத்தனால் ஆவி அறையை நிறைக்கும். 50 டிகிரியைத் தாண்டாதீர்கள். அதற்குப் பதில் கூடுதல் நேரம் கலக்குங்கள். வினை மெதுவாக நடக்கும், ஆனால் நடந்து முடியும்.

அதேபோல எண்ணெயிலிருந்து தண்ணீரை விரட்டச் சூடேற்றும்போது நம் ஊரில் 93 டிகிரியை ஒட்டியே சடசடவென்று தெறிக்கத் தொடங்கும். 100 வரும்வரை பக்கத்தில் நின்று எட்டிப் பார்க்க வேண்டாம். தண்ணீரை விரட்டாமல் விட்டால் டிரம் முழுக்கச் சோப்புதான் கிடைக்கும்.

மூடுபனிக் காலத்தில் காஸ்டிக் டப்பாவை ஐந்து நிமிடம் திறந்து வைத்தாலே ஈரம் குடித்துக் கசகசவென்று ஆகிவிடும். நிறுக்கும் கிராமில் ஒரு பகுதி தண்ணீராக இருக்கும். எடுத்த கையோடு மூடுங்கள்.

முடிந்தால் காஸ்டிக் சோடாவுக்குப் பதில் காஸ்டிக் பொட்டாஷ் வாங்குங்கள். ஏறக்குறைய ஒன்றரை மடங்கு பிடிக்கும், விலையும் கூடுதல். ஆனால் சோடா போட்டால் அடியில் தங்கும் கிளிசரின் மலைக்குளிரில் கட்டியாகி வால்வை அடைத்துவிடும். பொட்டாஷ் போட்டால் இளகியே இருக்கும், திறந்தால் வழிந்து வந்துவிடும்.

#10 ஓய்வு_ஆய்வாளன்

உணவுப் பாதுகாப்புத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எல்லோரும் மெத்தனாலைப் பால் பாக்கெட் வாங்குவதுபோலப் பேசிக்கொண்டிருக்கிறீர்கள்.

மெத்தனால் விஷம். குடித்தால் மட்டுமல்ல, ஆவியாகவும் தோல் வழியாகவும் உடலுக்குள் போகும். கண் நரம்பைத்தான் முதலில் பிடிக்கும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் இறந்தது மெத்தனால் கலந்த சாராயத்தால்தான். தமிழ்நாட்டில் மெத்தனால் வாங்க, வைத்திருக்க, பயன்படுத்த மதுவிலக்குச் சட்டத்தின் கீழ் உரிமம் வேண்டும். 1959 முதலே அதற்குத் தனி விதிகள் உண்டு. மெஸ் பின்கட்டில் 20 லிட்டர் மெத்தனால் கேன் இருந்து சோதனைக்கு ஆள் வந்தால், "பயோடீசல் செய்கிறேன்" என்ற விளக்கத்தை நீதிமன்றத்தில்தான் போய்ச் சொல்ல வேண்டியிருக்கும்.

அது தீப்பிடித்தாலும் பகல் வெளிச்சத்தில் ஜுவாலை சரியாகக் கண்ணுக்குத் தெரியாது. கேஸ் அடுப்புக்குப் பக்கத்தில் இந்த வேலையை நினைத்துக்கூடப் பார்க்க வேண்டாம்.

இனி எண்ணெய் விஷயம். பொரித்த எண்ணெயில் மொத்த முனைவுச் சேர்மங்கள், அதாவது காயக் காய எண்ணெய் சிதைந்து சேரும் பொருட்கள், 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைச் சமையலுக்குப் பயன்படுத்தக்கூடாது. 2018 ஜூலை 1 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. அதே ஆண்டு ஆகஸ்டில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் "ரூகோ" திட்டத்தைத் தொடங்கியது. பயன்படுத்திய எண்ணெயைச் சேகரித்துப் பயோடீசல் ஆலைக்கு அனுப்புவதற்காகவே வந்த திட்டம். நாளொன்றுக்குப் பொரிக்க 50 லிட்டருக்கு மேல் செலவாகும் கடைகள் கணக்கு வைத்து, பதிவு பெற்ற சேகரிப்பாளரிடம்தான் கொடுக்க வேண்டும் என்பது 2019 மார்ச் முதல் விதி. நீங்கள் சிறிய கடை, கட்டாயம் இல்லாமல் இருக்கலாம். கொடுப்பதற்குத் தடை ஒன்றும் இல்லை. சிரிக்கிற ஆளிடம் கொடுக்காதது நல்ல காரியம். பதிவுச் சான்று காட்டி, ரசீது போட்டுத் தருபவரிடம் கொடுங்கள்.

#11 பாலாடா_கேரட்

நான்தான் அந்த மச்சான். என் இன்ஜினை வைத்து இத்தனை பேர் திட்டம் போட்டுக்கொண்டிருப்பது இன்றைக்குத்தான் தெரிகிறது.

ஐயா சொல்வது சரி. ஆனால் சேகரிப்பாளர் எங்கே வருகிறார்? கோயம்புத்தூர் என்றால் தினமும் வருவார். மலை ஏறி இரண்டு டின்னுக்காக யார் வருவார்கள்? வண்டி ஏறி இறங்கும் டீசல் செலவுக்கே அந்த எண்ணெய் கட்டாது. 2019இல் எண்ணெய் நிறுவனங்கள் 100 நகரங்களில் பழைய எண்ணெய்ப் பயோடீசலை லிட்டர் 51 ரூபாய்க்கு வாங்குவோம் என்று அறிவித்தபோது நானும் பேப்பரில் படித்தேன். திட்டமெல்லாம் நகரத்தை மனத்தில் வைத்தே போடுகிறார்கள்.

#12 ஓய்வு_ஆய்வாளன்

தனித்தனியாக அழைத்தால் வரமாட்டார்கள்தான். பெட்போர்டில் தொடங்கி சிம்ஸ் பார்க் வரை உள்ள மெஸ், பேக்கரி, விடுதிகள் எல்லாம் சேர்ந்து மாதம் ஒரு நாள் ஒரே இடத்தில் சேர்த்து வைத்தால் வண்டி வரும்.  கீழே இறங்கும் காய்கறி லாரியில் கேரட்டோடு எண்ணெய் டின்னை ஏற்ற மண்டிக்காரர் சம்மதிக்கமாட்டார்.

#13 பாலாடா_கேரட்

சம்மதிக்கமாட்டார். மூட்டையில் ஒரு சொட்டுப் பட்டாலும் விலையைக் குறைத்துவிடுவார்.

#14 வில்பட்டி_பூண்டு

சேர்த்து வைப்பது என்றதும் நினைவுக்கு வருகிறது: கரடி. கோத்தகிரிப் பக்கம் கோயில் கதவை உடைத்து விளக்கு எண்ணெயைக் குடித்துவிட்டுப் போகும் கரடிகளைப் பற்றி நீலகிரிக்காரர்களான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சிக்கன் பொரித்த எண்ணெயை வெளியே டின்னில் வைத்தால் விருந்துக்கு அழைப்பு அனுப்பியதாக அர்த்தம். பூட்டுப் போடும் இரும்பு டிரம், அதுவும் கட்டிடத்துக்கு உள்ளே.

#15 குன்னூர்_மெஸ்

கரடி ஏற்கெனவே ஒருமுறை வந்து டின்னை உருட்டிவிட்டுப் போனது. நாய் என்று நினைத்துக்கொண்டிருந்தோம், கேமராவில்தான் தெரிந்தது.

சரி, உரிமம் வாங்கிச் செய்வதாகவே வைத்துக்கொள்வோம். பயோடீசலைக் கழுவிய தண்ணீரையும் அந்தக் கிளிசரினையும் என்ன செய்வது? எங்கள் ஓடை கடைசியில் பவானிக்குத்தான் போகிறது.

#16 ஆய்வக_அக்கா

கேட்டீர்களே, அதுதான் நல்ல கேள்வி. பயோடீசலைத் தண்ணீர் விட்டுக் கழுவினால் சோப்பும் மெத்தனாலும் கலந்த வெள்ளைத் தண்ணீர் நிறைய வரும். ஓடையில் விட்டால் ஆக்சிஜனைக் குடித்துவிடும், மீன் தங்காது. அதனால் உலர் முறைதான் மலைக்கு ஏற்றது: மெத்தனாலை முழுக்க ஆவியாக்கிப் பிடித்துக்கொண்ட பிறகு, நெடிய குழாயில் காய்ந்த மரத்தூளை நிரப்பி அதன் வழியாகப் பயோடீசலை மெதுவாக இறக்குங்கள். சோப்பையும் மிச்ச கிளிசரினையும் தூள் பிடித்துக்கொள்ளும். சில்வர் ஓக் அறுக்கும் மில்லில் தூளுக்குப் பஞ்சமில்லை. ஈரத் தூள் உதவாது, வெயிலில் காயவைத்தது வேண்டும்.

கிளிசரினை அடுப்பில் எரிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். செய்யாதீர்கள், சூடு போதாமல் எரிந்தால் அக்ரோலின் என்ற புகை வரும், கண்ணையும் நுரையீரலையும் அரிக்கும். பொட்டாஷ் போட்டுச் செய்த கிளிசரினில் மெத்தனாலை முழுக்க நீக்கிவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக எருக்குழியில் கலக்கலாம், சாம்பல்சத்தாவது மண்ணுக்குப் போகும்.

தரம் பார்க்க: 27 மி.லி. மெத்தனாலில் 3 மி.லி. பயோடீசலை ஊற்றி ஆட்டி வையுங்கள். அடியில் எண்ணெய் தேங்கினால் வினை முழுமையடையவில்லை. ஒன்று மறக்க வேண்டாம், இதை 20 டிகிரிக்கு மேல் வைத்துப் பாருங்கள். நம் ஊர்க் காலைக்குளிரில் நல்ல பயோடீசலும் கரையாமல் நிற்கும், வீணாகத் திரும்பக் காய்ச்சுவீர்கள்.

#17 பம்ப்_பட்டறை

என் கருத்து இதுதான். அக்கா சொன்ன எல்லாவற்றையும் செய்கிற பொறுமை உள்ளவர் மெஸ் நடத்த மாட்டார், ஆய்வகம் நடத்துவார். பாமாயிலையும் சிக்கன் எண்ணெயையும் கீழே அனுப்பிவிடுங்கள். மேட்டுப்பாளையத்து வெயிலில் அது உறையாது, ஆலையில் மெத்தனாலுக்கு உரிமமும் இருக்கிறது, கழிவுக்கு வழியும் இருக்கிறது. சூரியகாந்தி எண்ணெயை மட்டும் தனி டின்னில் பிடியுங்கள். ஆசை இருந்தால் உரிமம் எடுத்து அதை மட்டும் செய்து, 20 சதவீதம் பயோடீசல், 80 சதவீதம் டீசல் என்று கலந்து லிஸ்டரில் ஓட்டுங்கள். அந்த இன்ஜின் எதையும் தாங்கும். கார்த்திகை பிறந்ததும் வெறும் டீசலுக்கு மாறிவிடுங்கள். கலக்காத பயோடீசலில் லிட்டருக்குச் சக்தியும் எட்டு, பத்து சதவீதம் குறைவு என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்; "இலவச எரிபொருள்" என்று யாராவது சொன்னால் மெத்தனால் பில்லைக் காட்டச் சொல்லுங்கள்.

#18 பாலாடா_கேரட்

"எதையும் தாங்கும்" என்று சொல்லிவிட்டுப் போவது எளிது அண்ணா. தண்ணீர் ஏறாமல் ஒரு வாரம் கேரட் காய்ந்தால் பதில் சொல்ல வேண்டியவன் நான். மாப்பிள்ளை முதலில் தன் ஜெனரேட்டரில் ஓட்டிக் காட்டட்டும். ஒரு மழைக்காலம் தாண்டினால் என் இன்ஜினைத் தருகிறேன்.

#19 குன்னூர்_மெஸ்

ஆகட்டும் மச்சான். சமையல்காரரிடம் இன்றே சொல்லிவிட்டேன்: பாமாயில் நீல டின், சூரியகாந்தி சிவப்பு டின், சிக்கன் சட்டி எண்ணெய் எந்த டின்னிலும் சேரக்கூடாது, அது தனி. பெட்போர்டு பக்கம் இரண்டு பேக்கரிக்காரர்கள் சேர்ந்து அனுப்பச் சம்மதித்திருக்கிறார்கள். ஓய்வு ஐயா, பதிவு பெற்ற சேகரிப்பாளர் பட்டியலை எங்கே கேட்பது?

#20 ஓய்வு_ஆய்வாளன்

மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலரின் அலுவலகத்தில் கேளுங்கள். உங்கள் உணவு உரிமத்தின் நகலை எடுத்துச் செல்லுங்கள். மூன்று கடைகளும் சேர்ந்து ஒரே கடிதமாகக் கொடுத்தால் வேலை சீக்கிரம் நடக்கும்.

#21 பம்ப்_பட்டறை

ஜெனரேட்டரில் ஊற்றுவதற்கு முன் டேங்க் அடி நட்டைக் கழற்றிச் சகதியை வடித்துவிடுங்கள். பில்டர் இரண்டு கூடுதலாக வாங்கி வையுங்கள், இரவு ஒன்பது மணிக்குக் குன்னூரில் கிடைக்காது.